தீவில் நடக்கும் பேய்ப்படங்கள்: பயம் வந்து போகிறவனுக்கா, அங்கேயே இருப்பவனுக்கா?

கூடல்வாசி எழுதியது:

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ராமேஸ்வரம் பாசஞ்சரில் பாதி நாளைக் கழிக்க வேண்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு தீவுகளைப் பற்றி இழை தொடங்குவது கொஞ்சம் அதிகப்படிதான். இருந்தாலும், தனித்த தீவுகளில் நடக்கும் பேய்ப்படங்களையும் திகில் படங்களையும் வரிசையாகப் பார்த்து வந்ததில் எனக்கு ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. அதை உங்கள் முன் வைக்கிறேன், அடித்து நொறுக்குங்கள்.

இந்த வகைப் படங்களில் பேய், மிருகம், பைத்தியக்கார மருத்துவர் எல்லாம் இரண்டாம்பட்சம். முதல் கேள்வி, படகு யார் கையில் இருக்கிறது என்பதுதான். 1932-இல் வந்த 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' படத்தில், தீவில் வாழும் பிரபு கடல்வழியைக் காட்டும் விளக்குகளை இடம் மாற்றி வைத்துக் கப்பல்களைப் பாறையில் மோத விடுகிறான். தப்பிக் கரையேறுகிறவர்களை விருந்து வைத்து உபசரித்து, பிறகு வேட்டையாடுகிறான். 1973-இன் 'தி விக்கர் மேன்' படத்தில் காவல் அதிகாரி கடல் விமானத்தில் வந்து இறங்கிக் கரைக்குப் போகச் சிறு படகு கேட்கும்போதே, இது தனியார் தீவு, பிரபுவின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும் என்று துறைமுகத்தில் நிற்கும் கிழவர்கள் சிரித்த முகத்தோடு சொல்லிவிடுகிறார்கள். பிற்பாடு அவர் ஊர் திரும்ப நினைக்கும்போது விமானம் கிளம்ப மறுக்கிறது. 2010-இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கிய 'ஷட்டர் ஐலண்ட்' படத்திலும், தீவுக்கு வரவும் போகவும் ஒரே ஒரு படகுதான், அதுவும் மருத்துவமனையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை முதல் சில நிமிடங்களிலேயே நமக்குத் தெரிவித்துவிடுகிறார்கள்.

காட்டுப் பங்களாவில் மாட்டிக்கொண்டவன் ஓடலாம், சுவர் ஏறலாம், லாரியை மறிக்கலாம். தீவில் மாட்டிக்கொண்டவன் யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்கப்படுகிறவனே பயப்பட வேண்டியவனாக இருப்பதில்தான் இந்த வகைப் படங்களின் சூட்சுமம் இருக்கிறது என்பது என் கட்சி.

நடத்துநர் எழுதியது:

நல்ல இழை. ஒரே ஒரு வேண்டுகோள்: 'தி அதர்ஸ்', 'ஷட்டர் ஐலண்ட்' ஆகிய இரண்டின் முடிவையும் இங்கே போட்டு உடைக்காதீர்கள். மற்ற படங்கள் பழையவை, தாராளமாகப் பேசலாம்.

தெப்பக்குளத்தார் எழுதியது:

கூடல்வாசி தம்பிக்கு வணக்கம். படகைப் பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் பாதிதான் சரி. படகு வரும் என்று உறுதியாகத் தெரிந்த இடத்திலும் தீவு பயமுறுத்தியிருக்கிறது. கலங்கரை விளக்கக் காவலர்களுக்கு மாற்று ஆளை ஏற்றிக்கொண்டு படகு முறைவைத்து வரத்தான் செய்தது. அவர்களை வதைத்தது வேறொன்று: நடந்ததைப் பார்க்க மூன்றாவது ஆள் இல்லாமல் போனது.

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடலில் ஸ்மால்ஸ் என்ற பாறைத் திட்டின் மேல் ஓக் மரக் கால்களில் நிறுத்திய மரக் கூடு ஒன்று கலங்கரை விளக்கமாக இருந்தது. 1801 வாக்கில் அங்கே காவலில் இருந்த இருவருக்கும் பெயர் தாமஸ். ஒருவர் தாமஸ் ஹோவெல், பீப்பாய் செய்யும் தொழில் தெரிந்தவர். மற்றவர் தாமஸ் கிரிஃபித். இருவருக்கும் ஒத்துப்போகாது என்பது கரையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கிரிஃபித் இறந்துபோனார். உடலைக் கடலில் விட்டால் கொலை செய்து மறைத்தான் என்று ஊர் சொல்லும் என்று பயந்த ஹோவெல், கூட்டின் உள் பலகைகளைப் பெயர்த்துப் பெட்டி செய்து, உடலை அதில் வைத்து, நாற்றம் தாங்காமல் வெளியே விளக்கு மேடையில் கட்டி வைத்தார். புயல் பெட்டியை உடைத்தது. பிணத்தின் கை வெளியே தொங்கிக் காற்றில் ஆடியது. அந்தப் பக்கம் போன கப்பல்களுக்கு அது, யாரோ ஓர் ஆள் வெளியே நின்று கையசைப்பது போலத் தெரிந்ததாம். கடல் கொந்தளிப்பால் வாரக்கணக்கில் யாராலும் பாறையில் இறங்க முடியவில்லை. அத்தனை நாளும் ஹோவெல் விளக்கை அணைய விடவில்லை. அவரை மீட்டுக் கரைக்குக் கொண்டுவந்தபோது நண்பர்களுக்கே அடையாளம் தெரியவில்லை என்கிறார்கள். அதன் பிறகுதான் பிரிட்டனில் கலங்கரை விளக்கங்களுக்கு மூன்று காவலர் என்ற ஏற்பாடு வந்தது.

ராபர்ட் எக்கர்ஸ் 2019-இல் எடுத்த 'தி லைட்ஹவுஸ்' இந்தச் சம்பவத்திலிருந்துதான் விதை எடுத்துக்கொண்டது. அதிலும் இருவருக்கும் தாமஸ் என்றே பெயர். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. திரையும் ஏறத்தாழச் சதுரம், பேசும்படம் தொடங்கிய காலத்து அளவு. இவ்வளவு பெரிய கடலைக் காட்ட அகலத் திரையைத் தேர்ந்தெடுக்காமல் சதுரத்தைத் தேர்ந்தெடுத்தது, இரண்டு முகங்களைத் தவிர வேறு எதற்கும் இடமில்லாமல் செய்வதற்காகத்தான். அந்தப் படத்தில் படகைப் பற்றிய கவலை உண்டு, ஆனால் உண்மையான கேள்வி, இந்த இருவரில் யார் சொல்வதை நாம் நம்புவது என்பது. சாட்சி இல்லாத இடம்தான் தீவு. வண்டியூர்த் தெப்பக்குளத்தின் மைய மண்டபத்தில் என்ன நடந்தாலும் நான்கு கரையிலும் நிற்கிறவர்களுக்குத் தெரியும், ஆகவே அது தீவாகாது.

மேலமாசி வீதி எழுதியது:

ஐயா, காவலர்கள் என்றதும் ஸ்காட்லாந்தின் ஃபிளானன் தீவுகள் நினைவுக்கு வருகின்றன. மூன்று காவலர்களும் மாயமாக மறைந்தார்கள். மேசையில் பாதி சாப்பிட்ட உணவு அப்படியே இருந்தது. நாற்காலி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. 2018-இல் ஜெரார்ட் பட்லர் நடித்து 'தி வேனிஷிங்' என்று படமாகவும் வந்ததே. மூன்று பேர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை என்றால் உங்கள் சாட்சிக் கணக்கு என்னவாகிறது?

தெப்பக்குளத்தார் எழுதியது:

அந்தப் பாதி சாப்பாடும் கவிழ்ந்த நாற்காலியும் 1912-இல் வில்ஃப்ரிட் கிப்சன் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. 1900 டிசம்பர் 26 அன்று ஹெஸ்பெரஸ் என்ற கப்பலில் போய் இறங்கியவர்கள் கண்டது ஒழுங்காகக் கழுவி வைக்கப்பட்ட சமையலறையைத்தான். மூன்று மழை அங்கிகளில் ஒன்று மட்டும் மாட்டிய இடத்திலேயே இருந்தது. மேற்குப் படித்துறையில் கயிறுகளையும் சாமான்களையும் பத்திரப்படுத்தப் போனவர்களைப் பெரிய அலை அடித்துப் போயிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. ஒருவர் அங்கியைப் போட்டுக்கொள்ளக்கூட நேரமில்லாமல் குளிரில் ஓடியிருக்கிறார் என்பது, பாதி சாப்பாட்டைவிட எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. திரைப்படக்காரர்களுக்கு மட்டும் அது போதாமல் போய்விட்டது. தங்கத்தையும் கொலையையும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

உசிலை மண் எழுதியது:

அண்ணன்மார் இருவருமே 'தி விக்கர் மேன்' படத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டீர்கள். அதைத் தீவுப் படமாக மட்டும் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. தீவு என்பதற்கு உப்புத் தண்ணீர் கட்டாயமில்லை என்பதை எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாக்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

சாமி சாட்டிக் காப்புக் கட்டிவிட்டால், அந்த எட்டு நாளும் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. வெளியூரிலிருந்து வந்தவர்களும், ஒன்று காப்புக்கு முன்பே வந்து திருவிழா முடியும்வரை இருக்க வேண்டும், அல்லது பொழுது சாயுமுன் கிளம்பிவிட வேண்டும். சில ஊர்களில் தாளிக்கக்கூட மாட்டார்கள். முளைப்பாரி போட்டிருக்கும் வீட்டைப் பாருங்கள்: சன்னல் அடைத்து, சாக்குப் போட்டு மறைத்து, வெளிச்சம் படாத அறையில் ஓட்டுக்குள் பயறு முளைத்து வெளிறிய மஞ்சளாக ஒரு முழம் நீண்டு நிற்கும். அதற்குத் தண்ணீர் தெளிக்கும் பெண்களைத் தவிர யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இரவில் அந்த வீட்டு வாசலில் கும்மி கேட்கும். விவரம் தெரியாத ஒரு காவல் அதிகாரி, காணாமல் போன ஒரு சிறுமியைத் தேடிக்கொண்டு அந்த எட்டு நாளில் வந்து, 'அந்த அறையைத் திற' என்று கேட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஊர் முழுவதும் அவரைப் பார்த்துச் சிரிக்கும், யாரும் பொய் சொல்லவும் மாட்டார்கள், திறக்கவும் மாட்டார்கள். அந்தப் படத்தின் முக்கால் பங்கு அதுதான்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. படத்திலுள்ள தீவின் பழைய தெய்வங்கள் உண்மையில் பழையவை அல்ல. இப்போதைய பிரபுவின் பாட்டனார் 1868-இல் தீவை வாங்கி, அந்தக் குளிரிலும் காய்க்கக்கூடிய ஆப்பிள் வகைகளைக் கொண்டுவந்து நட்டு, கூலியாட்கள் சுறுசுறுப்பாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே கைவிட்டுப்போன வழிபாட்டை மீண்டும் புகுத்தினார் என்று பிரபுவே சொல்கிறார். அதாவது முதலாளி கொடுத்த சாமி. விளைச்சல் பொய்த்தவுடன் மக்கள் பலி கேட்கிறார்கள். அடுத்த ஆண்டும் பொய்த்தால் பலியாக வேண்டியவர் பிரபுவேதான் என்று அந்த அதிகாரி கடைசியில் கத்துகிறார். பிரபுவாக நடித்த கிறிஸ்டோபர் லீயின் முகத்தில் அந்த ஒரு நொடி ஏதோ ஆடி அடங்குவதைக் கவனியுங்கள். அதுதான் படத்தில் என்னை உலுக்கிய இடம். அந்த அதிகாரியை உள்ளே அடைத்து எரிக்கும் கூண்டு அதற்கு அடுத்தபடிதான்.

கொசுறாக ஒரு செய்தி: வசந்தகாலத் திருநாளில் நடக்கும் அந்தக் கதையை இலையுதிர் காலத்துக் குளிரில், 1972-இன் கடைசி மாதங்களில், பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் பெருநிலத்திலேயே படமாக்கினார்கள். மரங்களில் செயற்கைப் பூக்களைக் கட்டித் தொங்கவிட்டு வசந்தத்தை வரவழைத்தார்கள். தீவுப் படங்களுக்கெல்லாம் தலைமகனாகக் கருதப்படும் படத்துக்கே தீவு தேவைப்படவில்லை.

கூடல்வாசி எழுதியது:

உசிலைத் தம்பி, முளைப்பாரி அறையை வைத்து நீங்களே ஒரு படம் எடுத்துவிடலாம். ஆனால் நம் ஊர்த் திருவிழாவுக்கு வந்த அசலூர்க்காரனை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. இலை போட்டுக் கறிச்சோறு வைத்து, 'இன்னும் கொஞ்சம்' என்று அவன் திணறும்வரை விடமாட்டார்கள். மிரட்சியை உண்டாக்கும் உபசாரம் வேறு, அன்பான உபசாரம் வேறு.

ஆரப்பாளையம் எழுதியது:

இரண்டும் வேறு என்பது சாப்பிடுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஊர் வழக்கு வந்துவிட்டதால் என் பங்குக்கு ஒன்று. தீவுப் படம் என்றாலே மூடுபனி, புயல், இருட்டு என்று நினைக்கிறோம். நார்சிசோ இபானெஸ் செர்ராதோர் 1976-இல் எடுத்த ஸ்பானியப் படத்தில் வெள்ளையடித்த வீடுகளும் கண்ணைக் கூச வைக்கும் வெயிலும்தான். கர்ப்பிணி மனைவியோடு தீவுக்கு வரும் வெளிநாட்டுக்காரன் ஊரில் ஒரு பெரியவரையும் காணாமல் திகைக்கிறான். குழந்தைகள் மட்டும் இருக்கிறார்கள், சிரிக்கிறார்கள். ஒரு குழந்தையை யாரால் கொல்ல முடியும் என்பதுதான் படத்தின் பெயரும் கேள்வியும். போர்களிலும் பஞ்சங்களிலும் செத்த குழந்தைகளின் உண்மையான செய்திப் படத்துண்டுகளைத் தொடக்கத்திலேயே நீளமாகக் காட்டிவிடுவதால், கதையை வெறும் பொழுதுபோக்காகப் பார்க்க நம்மை விடுவதில்லை. அந்தத் தொடக்கம் தேவைக்கு மிஞ்சிய நீளம் என்பது என் அபிப்பிராயம்.

உச்சி வெயிலில் புளியமரத்தடிக்குப் போகாதே, முனி நடமாடும் நேரம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு, பட்டப்பகல் பயம் எளிதில் விளங்க வேண்டும். ஆனால் நம் பேய்ப்படங்களில் கடிகாரம் நள்ளிரவு பன்னிரண்டு அடித்தே தீரும். கத்திரி வெயிலை இவ்வளவு தாராளமாக வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் அதைப் பேய்ப்படத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பது அநியாயம்.

பாம்பன்காரி எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் பாம்பனில் பிறந்து வளர்ந்து, மதுரையில் வாழ்க்கைப்பட்டவள். இங்கே பேசுகிற அண்ணன்மார் எல்லோரும் தீவைக் கரையில் நின்று பார்க்கிறீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் குறிப்பிட்ட படங்களின் நாயகர்களைப் பாருங்கள்: காவல் அதிகாரி, வேட்டைக்காரர், சுற்றுலா வந்த தம்பதி, மத்திய அரசு மார்ஷல். எல்லோரும் வந்து போகிறவர்கள். அவர்களுக்குத் தண்ணீர் ஒரு மதில். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது வேலைக்குப் போகும் வழி. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் தீவுகளில் குடியிருப்பு கிடையாது. ஆனால் அவற்றைச் சுற்றி ஆழம் குறைந்த கடலில் பாசி எடுக்கிற பெண்கள் தலைமுறைகளாகப் போய் வந்திருக்கிறார்கள். பாறை கிழித்துவிடாமல் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி எடுப்பார்கள். 1986-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு தீவுகளில் கால் வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. அவர்களிடம் போய் 'தனித்த தீவு, பயமாக இல்லையா' என்று கேட்டால், எங்கே வனத்துறைப் படகு வந்துவிடுமோ என்பதுதான் பயம் என்பார்கள். கூடல்வாசி அண்ணனின் படகுக் கணக்கு இங்கே வேறு விதமாகச் சரிவருகிறது.

தீவுக்காரர்களின் பார்வையில் எடுத்த படங்கள் குறைவு என்பதே என் குறை. 'ஜாஸ்' படத்தில்கூட நாயகனான காவல் தலைவர் நகரத்திலிருந்து தீவுக்கு வந்தவர், தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவர். நான் எப்போது இந்தத் தீவுக்காரி ஆவேன் என்று அவர் மனைவி கேட்கும்போது, இங்கே பிறக்காதவர் ஒருபோதும் ஆக முடியாது என்று கடற்கரையில் ஒரு பெண்மணி பதில் சொல்கிறார். அந்தத் தீவுக்காரப் பெண்மணியை வைத்து ஒரு படம் எடுத்திருந்தால், சுறாவைவிடக் கோடை வியாபாரம் படுத்துவிடுமோ என்ற பயம்தான் கதையாக வந்திருக்கும். மேயர் அதனால்தானே கடற்கரையை மூடாமல் விடுகிறார்?

மேலமாசி வீதி எழுதியது:

அக்கா சொல்வதைக் கேட்ட பிறகு ஒரு சந்தேகம். தமிழில் ஏன் தீவுப் பேய்ப்படம் இல்லை? 1965-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில் கன்னித்தீவில் அடிமைகள் இருந்தார்கள், ஆனால் அங்கே பேய் கிடையாது. 2010-இல் செல்வராகவன் அதே பெயரில் எடுத்த படத்தில் சோழர்கள் ஒளிந்துகொண்ட தீவும், வழியில் வைத்த பொறிகளும், பசியில் வெறிபிடித்த மக்களும் உண்டு; பேய்ப்படத்துக்கு மிக அருகில் வந்தது அதுதான். தினத்தந்தி கன்னித்தீவை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அதற்கு முடிவு தெரிந்தால் சேர்க்கலாம். தனுஷ்கோடியை வைத்து ஒரு நல்ல பேய்ப்படம் எடுக்கலாமே? இடிந்த தேவாலயம், ரயில் நிலையம் எல்லாம் தயாராக இருக்கிறதே.

பாம்பன்காரி எழுதியது:

எடுக்க வேண்டாம் என்பேன், தம்பி. 1964 டிசம்பர் 22 இரவு அந்தப் புயலில் பயணிகள் ரயில் ஒன்று முழுவதுமாகக் கடலுக்குள் போனது. அதில் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்களும் இருக்கின்றன. மணலில் தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீரை மொண்டு வாழ்கிறார்கள். யூடியூபில் 'பேய் நகரம்' என்று தலைப்பிட்டு, வாழும் குடிசைகளைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, இடிந்த சுவரை மட்டும் காட்டுகிறார்கள். வந்து போகிறவனின் கண் என்று நான் சொன்னது இதைத்தான்.

திருநகர் நூலகர் எழுதியது:

பாம்பன்காரி அம்மா தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், சற்று நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீவுப் பேய்ப்படங்களின் தொடக்க காலத்தைப் பார்த்தால், அவற்றில் பல தோட்டத் தீவுகளில் நடக்கின்றன. இது தற்செயல் அல்ல. 1932-இல் வந்த 'ஒயிட் ஸோம்பி' ஹெய்ட்டியில் நடக்கும் கதை. அப்போது அந்த நாடு அமெரிக்கப் படையின் ஆக்கிரமிப்பில் இருந்தது, 1915-இல் தொடங்கிய ஆக்கிரமிப்பு 1934 வரை நீடித்தது. பேலா லுகோசி நடத்தும் கரும்பாலையில் செத்தும் சாகாதவர்கள் ராட்டினம் சுற்றுகிறார்கள். மரச் சக்கரத்தின் முனகலைத் தவிர வேறு ஓசை கிடையாது. ஒருவன் தடுமாறி அரைக்கும் இயந்திரத்துக்குள் விழுகிறான். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். சாவுகூட விடுதலை தராது, செத்த பிறகும் தோட்டத்தில் உழைக்க வேண்டியிருக்கும் என்ற அடிமைகளின் அச்சத்திலிருந்து பிறந்ததுதான் ஹெய்ட்டியின் ஸோம்பி. இன்றைய படங்களில் அது மனிதரைக் கடிக்கும் பிராணியாகச் சுருங்கிவிட்டது.

1943-இன் 'ஐ வாக்ட் வித் எ ஸோம்பி' படத்தை ழாக் டூர்னர் இயக்கினார். தயாரிப்பு வால் லூட்டன். கனடாவிலிருந்து ஒரு செவிலிப் பெண் கரீபியத் தீவு ஒன்றின் கரும்புத் தோட்டத்துக்கு வருகிறாள். வண்டியோட்டி, தன் முன்னோர் கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியில் கட்டப்பட்டு வந்த கதையைச் சொல்கிறார். அதைக் கேட்டும் அவள், எவ்வளவு அழகான இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்கிறாள். நீங்கள் சொன்னால் சரிதான் என்ற பொருளில் அவர் அடக்கமாகத் தலையாட்டிவிட்டு வண்டியை ஓட்டுகிறார். அந்த அடிமைக் கப்பலின் முகப்பில் இருந்த புனிதர் சிலை, அம்புகள் தைத்த உடலோடு, தோட்ட முதலாளியின் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. ஒன்றேகால் மணி நேரம்கூட ஓடாத படம் இது. வந்து போகிறவளின் கண்ணையும் இருப்பவரின் கண்ணையும் ஒரே வண்டியில் உட்கார வைத்துவிட்டார் டூர்னர்.

இப்போது நம்மிடம் வருவோம். மொரீஷியஸ், ரீயூனியன், பிஜி, டிரினிடாட், இலங்கை என்று தீவு தீவாகக் கரும்புக்கும் தேயிலைக்கும் ஏற்றி அனுப்பப்பட்ட மக்களில் தமிழர்கள் எத்தனை பேர்! பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடியிருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் எழுதினார். அந்தக் கதையில் பேய் கிடையாது, ஆனால் நான் படித்த எந்தப் பேய்க்கதையைவிடவும் அது கொடுமையானது. தமிழில் தீவுப் பேய்ப்படம் ஏன் இல்லை என்ற மேலமாசி வீதித் தம்பியின் கேள்விக்கு என் பதில்: அதற்கான கதை நம்மிடம் இருக்கிறது, அதை நாம் வரலாற்று வகுப்பில் வைத்துப் பூட்டிவிட்டோம். தனுஷ்கோடிக்குப் போக வேண்டியதில்லை.

உசிலை மண் எழுதியது:

நூலகர் ஐயா, கும்பிடுகிறேன். கூடல்வாசி அண்ணனின் கட்சி இத்துடன் தோற்றது என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்த ஆலையில் ராட்டினம் சுற்றுகிறவர்கள் யாரும் படகைத் தேடவில்லையே.

கூடல்வாசி எழுதியது:

தோற்கவில்லை, தம்பி. ஐயா சொன்ன பிஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்டவர்களை இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் ஏற்றிப் போனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டு. ஐந்து முடிந்தவுடன் ஊர் திரும்ப வேண்டுமென்றால் சொந்தச் செலவில் திரும்பலாம்; பத்தாண்டு அங்கேயே இருந்தால்தான் அரசாங்கச் செலவில் கப்பல். தோட்டக் கூலியில் கப்பல் கட்டணத்தை யார் சேர்த்திருப்பார்கள்? விளக்கை இடம் மாற்றி வைத்துக் கப்பலைக் கவிழ்த்த பிரபுவுக்கு இந்த அளவு புத்தி இல்லை. காகிதத்தில் இரண்டு வரி எழுதி, படகைக் கண் முன்னால் நிறுத்தியே பத்தாண்டு பிடித்து வைத்திருக்கிறார்கள்.

பாம்பன்காரி எழுதியது:

இதை ஒத்துக்கொள்கிறேன், அண்ணன். ஆனால் ஏற்றிப் போனவர்களைப் பற்றிப் பேசும்போது கரையில் விடப்பட்டவர்களையும் பேச வேண்டும். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்பது மதுரையில் ஒரு வரிச் செய்தி. போன படகு திரும்பாத வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. எங்கள் ஊரில் ஒரு பேய்ப்படம் எடுக்க யாராவது வந்தால், காமிராவைக் கடலுக்குள் கொண்டுபோகவே கூடாது என்று நிபந்தனை போடுவேன். கடைசிவரை கரையிலேயே நிற்க வேண்டும். ஒரு நாள் அவன் திரும்பி வருகிறான், சாப்பிடுகிறான், பிள்ளைகளைத் தூக்குகிறான், ஆனால் வந்தது அவன்தானா என்று அவளுக்கு மட்டும் சந்தேகம். இது போதும். இரத்தம் வேண்டாம், நள்ளிரவு மணியும் வேண்டாம்; ஆரப்பாளையம் அண்ணன் கேட்ட உச்சி வெயிலிலேயே நடக்கட்டும்.

தெப்பக்குளத்தார் எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்வதற்கு மிக நெருக்கமான காட்சி ஒன்று ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறது. வெயிலுக்குப் பதிலாக மூடுபனி. 2001-இல் அலெஹாந்த்ரோ அமெனாபார் எடுத்த 'தி அதர்ஸ்' ஜெர்சி தீவில், 1945-இல் நடக்கிறது. ஐந்தாண்டு ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்து அப்போதுதான் விடுபட்ட தீவு. வெளிச்சம் பட்டால் உடல் தாங்காத இரண்டு குழந்தைகளுக்காக, ஓர் அறையின் கதவைப் பூட்டாமல் அடுத்த அறையைத் திறக்காத தாய். நிக்கோல் கிட்மன் நடித்திருக்கிறார். போருக்குப் போன கணவன் திரும்பவில்லை. ஒரு நாள் பனிக்குள் நடந்து போகும்போது எதிரே அவன் வருகிறான். வீட்டுக்கு வருகிறான், குழந்தைகளைப் பார்க்கிறான், ஏறக்குறைய ஒன்றும் பேசாமல் படுத்துக்கிடக்கிறான், பிறகு மறுபடியும் போய்விடுகிறான். நடத்துநரின் உத்தரவுப்படி இதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன்.

அந்தப் படத்தில் படகும் இல்லை, வந்து போகிற நாயகனும் இல்லை. அங்கேயே இருக்கிறவளின் கண்ணில் தொடங்கி அவள் கண்ணிலேயே முடிகிறது. படத்தின் பெரும்பகுதியை ஸ்பெயினில் ஒரு மாளிகையில் எடுத்தார்கள். அலையைக் காட்டாமலே தீவைக் காட்டிவிட்டார்கள். இழையைப் படிக்கிற யாரும் இன்னும் பார்த்திராவிட்டால் முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு அந்தக் கணவனைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள். அவன் ஏன் போனான் என்பதில் எனக்கும் என் மகளுக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை.